தட்டு வெறுமையாத் திரும்பக் கூடாது: வாடிப்பட்டிப் பக்கம் கிறிஸ்துமஸ் விருந்து ஏன் இப்படி இருக்கிறது?

டிசம்பர் 25, காலை ஏழு மணி. வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கிறிஸ்தவ வீடு. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பும்போதே மணி ஒன்றரை. அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம். ஆனால் அடுப்படியில் இட்லி வெந்துகொண்டிருக்கிறது. பக்கத்து அடுப்பில் கறிக்குழம்பு கொதிக்கிறது. கூடத்தில் எவர்சில்வர் தட்டுகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நாலு அதிரசம், கொஞ்சம் முறுக்கு, அச்சு முறுக்கு, கலகலா, ரெண்டு வாழைப்பழம்.

"எதிர் வீட்டு மாமா மாலை போட்டிருக்காரு. அந்தத் தட்டுல கேக் வைக்காத, முட்டை போட்டது. அச்சு முறுக்கும் எடுத்துரு" என்று அடுப்படியிலிருந்து குரல் வருகிறது. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ முந்தின நாள்தான் வந்து இறங்கிய மகன், தூக்கக் கலக்கத்தோடு தட்டைச் சரிசெய்கிறான்.

கிறிஸ்துமஸ் விருந்து என்றதும் சினிமாவில் பார்த்த நீளமான மேஜை, மெழுகுவர்த்தி, வான்கோழி எல்லாம் ஞாபகம் வரலாம். மதுரை, திண்டுக்கல் பக்கத்து வீடுகளில் நடப்பது வேறு. இங்கே ஒரே நாளில் இரண்டு விருந்து. ஒன்று வீட்டுக்குள் சாப்பிடுவது, இன்னொன்று வாசலைத் தாண்டிப் போவது. இரண்டாவது விருந்தைப் புரிந்துகொண்டால்தான் முதலாவது ஏன் இப்படி இருக்கிறது என்று புரியும்.

24-ம் தேதி ராத்திரி ஏன் விருந்து இல்லை?

போலந்திலும் இத்தாலியின் பல பகுதிகளிலும் டிசம்பர் 24 இரவுச் சாப்பாடுதான் முக்கியம். அங்கே அன்றைக்கு இறைச்சி கிடையாது, மீன்தான் பிரதானம். போலந்து வீடுகளில் மேஜையில் ஒரு தட்டை அதிகமாக வைப்பார்கள். எதிர்பாராமல் யாராவது கதவைத் தட்டினால் அது அவர்களுக்கு.

இறைச்சி இல்லாததற்குக் காரணம் பழைய நோன்பு. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917-ம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நோன்பு நாள். 1966-ல் விதிகள் தளர்த்தப்பட்டன. தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் வயதானவர்கள் இன்னமும் சொல்லும் 'ஒருசந்தி', 'சுத்தபோசனம்' என்ற சொற்கள் இந்த நோன்பைச் சேர்ந்தவைதான். ஒருசந்தி என்றால் ஒருவேளைச் சாப்பாடு, சுத்தபோசனம் என்றால் இறைச்சி இல்லாத சாப்பாடு. ஒருசந்தி என்ற சொல்லைப் பக்கத்து இந்து வீட்டுப் பாட்டியும் தன் விரதத்துக்குச் சொல்வார்.

இப்போது கட்டாயம் இல்லை என்றாலும் பழக்கம் தங்கிவிட்டது. 24-ம் தேதி ராத்திரி தோசையோ உப்புமாவோ போதும். எல்லோர் கவனமும் கோயிலுக்குக் கிளம்புவதில்தான். கத்தோலிக்கருக்கு நள்ளிரவுத் திருப்பலி. தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் விடிவதற்கு முன்பே, நாலு அல்லது ஐந்து மணிக்கு ஆராதனை. எந்தச் சபையாக இருந்தாலும் விருந்து 25-ம் தேதி பகலுக்குத் தள்ளிப்போகிறது.

காலையில் இட்லி, மதியம் பிரியாணி

காலை மெனுவைக் கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். இட்லி, ஆட்டுக்கறிக் குழம்பு. மதுரைப் பக்கம் பல இந்து வீடுகளில் தீபாவளி காலையிலும் இதேதான். எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி போட்டு, இட்லியைக் கறிக்குழம்பில் ஊறவைத்துச் சாப்பிடுவது இந்த மண்ணின் பண்டிகைக் காலை. கிறிஸ்துமஸ் இங்கே வந்தபோது அந்தக் காலையை அப்படியே எடுத்துக்கொண்டது.

மதியம் பிரியாணி. வாடிப்பட்டி, மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவில் இருக்கும் ஊர். அதனால் பாஸ்மதியை விடச் சீரகச் சம்பாவுக்குத்தான் மவுசு. கூடவே தயிர்ப் பச்சடி, கத்தரிக்காய், கோழி வறுவல். சில வீடுகளில் குழந்தைகளுக்காகப் பாயசம். சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவர்களுக்குப் பக்கத்துச் சோழவந்தான் வெற்றிலை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது.

விழா நாளில் என்ன சாப்பிடுவது என்பதை மதத்தைவிட ஊர்தான் அதிகம் முடிவு செய்கிறது. ஜப்பானில் 1974-ல் தொடங்கிய ஒரு விளம்பரத்தால் கிறிஸ்துமஸ் என்றாலே கேஎஃப்சி சிக்கன் என்று ஆகிவிட்டது. இங்கே சீரகச் சம்பா.

தட்டில் மட்டும் ஏன் பலகாரம்?

வீட்டில் பிரியாணி மணக்கும்போது பக்கத்து வீட்டுக்கு ஏன் அதிரசமும் முறுக்கும் போகின்றன? பதில் காலண்டரில் இருக்கிறது.

டிசம்பர் 25 வருவது மார்கழி பத்தாம் தேதி வாக்கில். கார்த்திகை முதல் தேதி மாலை போட்ட ஐயப்ப பக்தர்களுக்கு 41 நாள் விரதம் ஓடிக்கொண்டிருக்கும். சபரிமலை மண்டல பூஜை வருவது டிசம்பர் 26 அல்லது 27-ல்தான். அதாவது கிறிஸ்துமஸ் அன்று மாலை போட்டவர் விரதத்தின் கடைசி நாட்களில் இருப்பார். மார்கழி முழுவதும் கவிச்சி தொடாத வீடுகளும் உண்டு. வைகுண்ட ஏகாதசியும் மார்கழியில்தான். 2020-ல் அது சரியாக டிசம்பர் 25 அன்றே வந்தது. அன்று சிலர் அரிசிச் சோறே சாப்பிட மாட்டார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் நூறு பேரில் சுமார் ஆறு பேர். ஆக, பல தெருக்களில் கிறிஸ்தவ வீட்டின் இரு பக்கமும் எதிரும் வேறு மதத்துக்காரர்கள். அவர்களைச் சேர்க்காமல் பண்டிகை கொண்டாட முடியாது. சேர்க்க வேண்டுமென்றால், விரதத்தில் இருப்பவரும் வாங்கிக்கொள்ளக்கூடிய ஒன்று கையில் இருக்க வேண்டும். கறி இல்லை, முட்டை இல்லை, உடனே சாப்பிட வேண்டிய அவசரமும் இல்லை. எண்ணெய்ப் பலகாரம் இந்த மூன்றுக்கும் பொருந்துகிறது. இன்றைக்கு விரதம் என்றால் மூடிவைத்து நாளைக்குச் சாப்பிடலாம்.

இஸ்லாமியர் வீட்டுக்குப் போகும் தட்டுக்கும் இதே கணக்குதான். கறி எங்கே வாங்கியது என்ற கேள்வியே எழாது.

தட்டு வாங்கிய வீட்டுக்கும் ஒரு பழக்கம் உண்டு: வெறும் தட்டைத் திருப்பித் தரக் கூடாது. உடனே ஒன்றும் இல்லை என்றால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தருவார்கள். இல்லாவிட்டால் தட்டு அங்கேயே தங்கிவிடும். மூன்று வாரத்தில் பொங்கல் வருகிறதே!

குடிலுக்குள் ஒரு முளைப்பாரி

சாப்பாட்டில் மட்டும் இல்லை, வீட்டு அலங்காரத்திலும் ஊர் தெரிகிறது. டிசம்பர் தொடங்கியதும் வாசலில் நட்சத்திரம் தொங்கும். முன்பு மூங்கில் குச்சியும் வண்ணத்தாளும் வைத்து வீட்டிலேயே கட்டினார்கள், இப்போது எல்இடி. அடுத்தது குடில். இயேசு பிறந்த தொழுவத்தைக் கண்முன் காட்டும் இந்தப் பழக்கத்தைப் பரப்பியவர் அசிசி நகர் பிரான்சிஸ். 1223-ல் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் அவர் அமைத்த காட்சி புகழ்பெற்றது.

இங்கே அந்தத் தொழுவத்துக்கு வைக்கோல் வயலிலிருந்து வருகிறது. புல்தரைக்கு, பத்து நாளுக்கு முன்பே கேழ்வரகோ கம்போ சின்னத் தட்டில் விதைத்து முளைக்கவிடுவார்கள். அம்மன் கோயில் திருவிழாவில் முளைப்பாரி பார்த்து வளர்ந்த ஊருக்கு அந்தக் கைப்பழக்கத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லாம் தயாரானாலும் தொட்டில் காலியாகவே இருக்கும். குழந்தை இயேசு சுரூபத்தை 24 நள்ளிரவில்தான் வைப்பார்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்த வேலை அதற்குத்தான்.

வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்ததா?

'கிறிஸ்துமஸ் பழக்கம் எல்லாம் மிஷனரிகள் கொண்டுவந்தது' என்று சொல்வதுண்டு. பாதிதான் உண்மை.

இத்தாலிய சேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தது 1606-ல், நாயக்கர் காலத்தில். காவி உடை, ஒருவேளை மரக்கறிச் சாப்பாடு, தமிழும் சமஸ்கிருதமும் என்று அவர் வாழ்முறையையே மாற்றிக்கொண்டார். கிறிஸ்தவத்துக்கு மாறுகிறவர்கள் ஊர்ப் பழக்கங்களை விட வேண்டியதில்லை என்பது அவர் வாதம். அது ரோம் வரை சர்ச்சையானது. 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி பெரும்பாலும் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 1744-ல் போப் பதினான்காம் பெனடிக்ட் அந்தச் சலுகைகளில் பலவற்றை முடித்துவைத்தார்.

அடுத்து 1834-ல் அமெரிக்க மிஷன், யாழ்ப்பாணம் வழியாக மதுரைக்கு வந்தது. இவர்கள் நியூ இங்கிலாந்தின் பியூரிட்டன் மரபிலிருந்து வந்தவர்கள். அந்த மரபுக்கும் கிறிஸ்துமஸுக்கும் பழைய பகை. பியூரிட்டன்கள் ஆண்ட மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். அப்படிப்பட்ட மரபிலிருந்து பண்டிகைச் சமையல் வந்திருக்கும் என்று நம்புவது கஷ்டம். மிஷன் கொண்டுவந்தது பைபிள், பள்ளிக்கூடம், கல்லூரி, ஆஸ்பத்திரி. அடுப்படி ஏற்கெனவே இங்கே இருந்தது.

கேக்கின் கதை வேறு. 1883-ல் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு என்பவர் ஓர் ஆங்கிலேயருக்காகச் செய்ததுதான் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று சொல்லப்படுகிறது. பிளம் கேக் பேக்கரி வழியாக வந்ததே தவிர, இந்தப் பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து வரவில்லை. கோவா, மங்களூர்ப் பக்கம் போனால் 'குஸ்வார்' என்று ஒரு பலகாரத் தட்டே இருக்கிறது. அங்கேயும் அது அக்கம்பக்கத்துக்குப் போகும் தட்டுதான்.

பாகு பதம் பார்த்தியா?

தட்டின் ராஜா அதிரசம். பார்க்க எளிது, செய்வது கண்டிப்பானது. பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் நிழல் உலர்த்தலாகப் போட வேண்டும். ஈரப்பதம் கையில் தெரியும்போதே மாவாக்க வேண்டும். முழுக்கக் காய்ந்த மாவு என்றால் அதிரசம் வெடிக்கும்.

அடுத்தது வெல்லப்பாகு. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டினால் மெத்தென்று திரள வேண்டும். பதம் முந்தினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும், பிந்தினால் கல்லாகும். மாவைப் பாகில் கிளறி, ஒரு ராத்திரியிலிருந்து மூன்று நாள் வரை மூடிவைத்தால் மாவு பாகை நன்றாக இழுத்துக்கொள்ளும். பிறகு மிதமான தீயில் பொரித்து, எண்ணெயை அழுத்தி எடுப்பார்கள். வெல்லம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமிகள் வளர இடம் குறைவு. அதனால்தான் ஃபிரிட்ஜ் இல்லாத காலத்திலும் அதிரசம் நாள்கணக்கில் தாங்கியது.

அச்சு முறுக்கில் ரகசியம் அச்சின் சூடு. அரிசி மாவு, தேங்காய்ப்பால், சர்க்கரை கரைத்த மாவில், காய்ந்த எண்ணெயில் சுட்ட அச்சை முக்கால் பாகம்தான் முக்க வேண்டும். மேல்விளிம்பு வரை மூழ்கினால் முறுக்கு கழன்று விழாது. மொறுமொறுப்புக்குச் சிலர் முட்டை சேர்ப்பார்கள். காலையில் அந்தத் தட்டிலிருந்து அச்சு முறுக்கை எடுக்கச் சொன்னது இதனால்தான்.

தட்டு போகாத வாசல்

இந்தக் கதையை 'மத நல்லிணக்கம்' என்ற ஒரே வரியில் முடித்துவிடலாம். அது முழு உண்மையாக இருக்காது.

தமிழ்நாட்டு கிராமங்களில் யார் சமைத்ததை யார் சாப்பிடலாம் என்பதைச் சாதி நெடுங்காலம் தீர்மானித்தது. சில இடங்களில் இன்றும் தீர்மானிக்கிறது. சமைத்த பண்டத்தை வாங்காமல் பழமும் வெற்றிலையும் மட்டும் எடுத்துக்கொண்ட வீடுகள் உண்டு. சிரித்த முகத்தோடு தட்டை வாங்கி, அதைத் தொடாமலே மாட்டுக்கொட்டகைக்கு அனுப்பியதும் நடந்திருக்கிறது.

கிறிஸ்தவர்களுக்குள்ளும் அதே கோடு ஓடியது. மதுரை மிஷனிலேயே மேல்சாதியினருக்குப் 'பிராமண சந்நியாசி' வேடத்தில் ஒரு துறவி, மற்றவர்களுக்குப் 'பண்டாரசாமி' என்று 17-ம் நூற்றாண்டில் தனித்தனி ஏற்பாடு இருந்தது. கோயிலில் தனி இடம், தனிக் கல்லறை என்று அந்தப் பிரிவினை பல ஊர்களில் 20-ம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கியவர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்காமல் இருந்ததும் உண்டு.

ஆகவே தட்டு எந்தெந்த வாசலுக்குப் போகிறது, எந்த வாசலில் திறந்து சாப்பிடப்படுகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. ஓர் அதிரசத்தைப் பிட்டு அங்கேயே வாயில் போட்டுக்கொண்டு "பாகு நல்லா வந்திருக்கே ஆத்தா" என்று ஒரு பக்கத்து வீட்டுக்காரம்மா சொல்வதில் ஒரு சம்மதம் இருக்கிறது. அது எல்லோருக்கும் எப்போதும் கிடைத்ததில்லை.

இப்போது மாறுவது என்ன?

முதலில் நேரம். அரசு விடுமுறை 25 ஒரு நாள்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை இருந்தாலும் வேலைக்குப் போகிறவர்களுக்கு 24-ம் 26-ம் சொந்த லீவு. ஒரு நாளுக்கு வந்துபோகிற பிள்ளைகளுக்குச் சாப்பிட நேரம் இருக்கிறது, மாவு இடிக்க நேரம் இல்லை.

இரண்டாவது, உழைப்பு. மூன்று நாள் மாவு, இரண்டு நாள் எண்ணெய்ச் சட்டி, நள்ளிரவுக் கோயில், காலை இட்லி, மதியம் பிரியாணி. பல வீடுகளில் இத்தனையும் ஒரே அம்மாவின் தோளில். முன்பு சித்தி, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று நாலு பேர் சட்டியைச் சுற்றி உட்கார்வார்கள். கேரல் பாட்டுக் குழு வந்தால் அவர்களுக்கும் சுக்குக் காப்பி வைக்க ஒரு கை மிச்சம் இருக்கும். இன்று அறுபது வயதுக்கு மேலானவர் தனியாக உட்கார்ந்து சுடுகிறார். மூட்டுவலி வந்த வருஷம் கடைப் பாக்கெட் வாங்குகிறார். அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

கடைப் பலகாரம் போனால் தட்டின் மதிப்பு குறையுமா? குறையத் தேவையில்லை. அந்த வீட்டு மாமா மாலை போட்டிருக்கிறாரா, இந்த வீட்டுப் பாட்டிக்குச் சர்க்கரை வியாதியா, மூன்றாவது வீட்டில் இந்த வருஷம் துக்கமா என்று யோசித்துத் தட்டைப் பிரிப்பது எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒரே அளவு டப்பா நாற்பது வாங்கி எல்லோருக்கும் ஒன்று கொடுக்கும்போது தொலைவது அந்த யோசனைதான்.

இந்த வருஷம் ஊருக்குப் போறீங்களா?

- ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. டிசம்பர் 23 ரயிலுக்கு அக்டோபர் 24 காலையிலேயே உட்கார வேண்டும்.
- அதிரச மாவு 20 அல்லது 21-ம் தேதி. வீட்டில் ஆள் இல்லை என்றால் மாவு மட்டும் தெரிந்தவர்களிடம் சொல்லி வாங்கலாம். சுடுவதை நீங்கள் வந்ததும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.
- முறுக்கு, கலகலா 23-ம் தேதி. அச்சு முறுக்கு முட்டை சேர்க்காத மாவில் முதலில், முட்டை சேர்த்தது கடைசியில். அப்போதுதான் எண்ணெய் கலக்காது.
- கேக் எல்லோருக்கும் வைக்க வேண்டும் என்றால் முட்டை இல்லாத கேக்கைக் கேட்டு வாங்குங்கள். ஐயங்கார் பேக்கரிகளில் கிடைக்கும்.
- மாலை, விரதம், சர்க்கரை வியாதி: யாருக்கு என்ன என்ற பட்டியல் அம்மாவின் தலைக்குள் இருக்கிறது. இந்த முறை கேட்டு எழுதி வையுங்கள்.
- 25 மதியம் பிரியாணிப் பாத்திரம் கழுவுவது யார் என்று 24-ம் தேதியே பேசி முடித்துவிடுங்கள்.

தட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை மட்டும் சின்னப் பிள்ளைகளிடம் தள்ளிவிடாதீர்கள். வருஷம் முழுக்க வெளியூரில் இருப்பவருக்குத் தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ரெண்டு நிமிஷம் நிற்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. "எப்ப வந்த, எப்பக் கிளம்புற, உடம்பு இளைச்சுட்டியே" என்ற மூன்று கேள்விக்கும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

26-ம் தேதி பை கட்டும்போது அலமாரியில் தட்டுகள் குறைவதைப் பார்த்து அம்மாவிடம் கேட்டால், "பொங்கலுக்கு வரும்ப்பா" என்பார். எதிர் வீட்டு மாமா அதற்குள் மலைக்குப் போய்விட்டு மாலையைக் கழற்றியிருப்பார். அடுத்த வருஷம் அந்தத் தட்டில் அச்சு முறுக்கு வைக்கலாமா என்று அப்போது கேட்டுக்கொள்ளலாம்.